பத்து ஜிகாஹெர்ட்ஸில் குரல் ஏன் நழுவுகிறது?

நாகர்கோவிலில் ஒரு மொட்டைமாடியிலிருந்து மேற்கே, அடிவானத்துக்குச் சுமார் 30 டிகிரி மேலே டிஷ்ஷைத் திருப்பினால் கியூஓ-100 அகப்படும். 2018 நவம்பரில் ஏவப்பட்ட கத்தார் செயற்கைக்கோளில் அமெச்சூர் வானொலிக்காரர்களுக்கென ஒதுக்கிய பகுதி அது, 10,489.5 மெகாஹெர்ட்ஸுக்குச் சற்று மேலே ஒலிபரப்புகிறது. அவ்வளவு உயர்ந்த அதிர்வெண்ணில்தான் சிக்கல். டிஷ்ஷின் முனையில் அலையை வாங்கும் எல்என்பிக்குள் இருக்கும் குவார்ட்ஸ் படிகம் பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிசகினாலே, கேட்கும் அதிர்வெண் கிட்டத்தட்ட 10 கிலோஹெர்ட்ஸ் விலகிவிடும். ஒரு குரலுக்கு வேண்டிய இடமோ 2.7 கிலோஹெர்ட்ஸ். மாடி வெயிலில் காயும் எல்என்பி அதற்கு மேலும் பிசகும்.

இந்தப் பிசகைத் திருத்தும் வழியும் வானத்திலேயே இருக்கிறது: ஜிபிஎஸ், இந்தியாவின் நாவிக் ஆகிய வழிகாட்டிச் செயற்கைக்கோள்களில் அணுக்கடிகாரம் இருக்கிறது. 2023 மே மாதம் ஏவிய நாவிக் செயற்கைக்கோள் என்விஎஸ்-01இல் இருப்பது இந்தியாவிலேயே செய்த ருபீடியம் கடிகாரம். மலிவான ரிசீவர்கூட அந்த நேரத்தை நொடிக்கொரு துடிப்பாகத் தந்துவிடும். ஒவ்வொரு துடிப்பும் 30 நானோநொடி முன்பின் ஆடுகிறதே, அதை எப்படி நம்புவது என்று கேட்பது நியாயம்தான். ஆனால் அந்த ஆட்டம் நொடிக்கு நொடி கூடிக்கொண்டே போவதில்லை. 1,000 நொடிக்கு எண்ணிப் பார்த்தால் பிழை பத்தாயிரம் கோடியில் 3 பங்குதான்; பத்து ஜிகாஹெர்ட்ஸில் அரை ஹெர்ட்ஸுக்கும் குறைவு. எனவே குறுகிய நேரத்துக்கு நல்ல படிகத்தை நம்பி, நீண்ட நேரத்துக்குத் துடிப்பைக் கொண்டு அதை மெல்லத் திருத்துவதே சரி. படிகமே வேண்டாம், ரிசீவரிடம் நேராக 10 மெகாஹெர்ட்ஸ் கேட்போம் என்பவர்களும் உண்டு. ஆனால் நியோ-7எம் என்ற ஜிபிஎஸ் ரிசீவர் சில்லின் உள்கடிகாரம் 48 மெகாஹெர்ட்ஸ். அது பத்தால் மீதியின்றி வகுபடாது. அலைகள் நீண்டும் குறுகியும் வர, ஒலி கரகரக்கும். 8 மெகாஹெர்ட்ஸ் கேட்டால் சுத்தமாக வரும்.