பொட்டும் கோடும் போட்ட போட்டி

வீட்டு டிவியில் இணைத்து ஆடும் முதல் வீடியோ கேம் பெட்டி 1972இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. பெயர் ‘ஒடிசி’. உருவாக்கியவர் ரால்ஃப் பேர் என்ற பொறியாளர். விற்றது மேக்னவாக்ஸ் நிறுவனம். ஒடிசிக்குள் சில்லு ஒன்றுகூடக் கிடையாது. டிரான்சிஸ்டர்கள், டயோடுகள், அவ்வளவுதான்.

பிறகு பந்தாக ஓடும் ஒளிப்பொட்டைத் திரையில் எப்படிக் காட்டியது? அந்தக் காலத்து டிவிக்குள் ஓர் எலக்ட்ரான் கற்றை, திரையை மேலிருந்து கீழாக வரி வரியாக வருடிக்கொண்டே போகும். கற்றை ஒரு வரியைத் தொடங்கியதும் ஒடிசி இம்மியளவு நேரம் காத்திருக்கும். பிறகு ‘இங்கே ஒளிர்’ என்று சைகை கொடுக்கும். காத்திருப்பு கூடினால் பொட்டு வலப்பக்கம் தள்ளிப்போகும். நாம் குமிழைத் திருகும்போது மாறுவது அந்த நேரம்தான். எவ்வளவு அழகான யோசனை, பாருங்கள்!

ஆனால் ஒடிசியில் சத்தம் இல்லை. மதிப்பெண்ணையும் நாமே தாளில் எழுத வேண்டும்.

1972 மே மாதம் அதன் செயல்விளக்கத்தைப் பார்த்தவர்களில் நோலன் புஷ்னெல் ஒருவர். அடுத்த மாதமே அவரும் நண்பரும் அட்டாரி நிறுவனத்தைத் தொடங்கினார்கள். அங்கே ஆலன் அல்கார்ன் என்ற இளம் பொறியாளர் செய்ததுதான், காசு போட்டு ஆடும் ‘பாங்’. அதே மாதிரி ஆட்டம்; பொட்டுதான் பந்து, கோடுதான் மட்டை. ஆனால் அல்கார்ன் மட்டையை எட்டுத் துண்டுகளாகப் பிரித்தார். நடுவில் பட்டால் பந்து நேராகத் திரும்பும். ஓரத்தில் பட்டால் சாய்ந்து பாயும். ஆட ஆட வேகமும் கூடும். ‘டொக்’ என்ற ஒலியைக்கூட, மின்சுற்றில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த மின்துடிப்புகளிலிருந்தே எடுத்துக்கொண்டார். பார்த்துச் செய்தது என்று பாங்கை ஒதுக்கிவிட எனக்கு மனம் வராததற்கு இவைதாம் காரணம்.

மேக்னவாக்ஸ் விடவில்லை, வழக்குப் போட்டது. 1976இல் அட்டாரி பணம் கொடுத்து உரிமம் பெற்றுச் சமாதானமானது.

அதற்குள் பாங் வீட்டுக்கே வந்துவிட்டது. 1976இல் ஜெனரல் இன்ஸ்ட்ருமென்ட் நிறுவனம் டென்னிஸ், கால்பந்து போன்ற ஆட்டங்களை ஒரே சில்லில் அடக்கி, கேட்ட எல்லோருக்கும் விற்றது. சில்லை வாங்கி, குமிழும் பெட்டியும் சேர்த்தால் போதும், வீடியோ கேம் தயார்! கோலிகோவின் ‘டெல்ஸ்டார்’ தொடங்கி, ஒரே ஆட்டத்தை வெவ்வேறு பெயர்களில் விற்ற பெட்டிகள் கடைகளை நிறைத்தன.

அதே ஆண்டில் ஃபேர்சைல்ட் நிறுவனம் வேறு பாதை பிடித்தது. ஜெர்ரி லாசன் தலைமையிலான குழு, நுண்செயலி உள்ள ‘சேனல் எஃப்’ பெட்டியைக் கொண்டுவந்தது. கேசட்டை மாற்றினால் ஆட்டமும் மாறும். 1977இல் அட்டாரி இறக்கிய 2600-உம் கேசட் மாற்றும் பெட்டிதான்.