டென்மார்க்கு மாணவரும் நம் பிள்ளைகளும்

பழனி மலையடிவாரத்திலுள்ள பாலசமுத்திரம் போன்ற ஊர்களில், பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளியாகும் நாளைப் பல குடும்பங்கள் தீர்ப்பு நாளாகவே கருதுகின்றன. மதிப்பெண் மிகுந்த பிள்ளைக்கு இனிப்பு. குறைந்த பிள்ளைக்கு ஏச்சு. தோல்வியுற்ற மகன் வேலைக்கு அனுப்பப்படுகிறான்; மகளின் படிப்போ அத்துடன் நின்றுவிடுகிறது. மனமுடைந்து உயிரையே மாய்த்துக்கொண்ட பிள்ளைகளைப் பற்றியும் ஆண்டுதோறும் செய்தித்தாள்களில் படித்துக் கலங்குகிறோம். ஒரு தேர்வு ஒரு பிள்ளையின் வாழ்வையே முடிவு செய்துவிடலாமா? இதனை எண்ணும்போது, டென்மார்க்கு என்னும் சிறு நாட்டின் கல்விமுறை நம் கருத்தைக் கவர்கின்றது.

டேனியர் நமக்கு அறிமுகமானவர்களே. 1620-இல் தரங்கம்பாடிக்கு வாணிகம் செய்ய வந்து, 1845-இல் அவ்வூரை ஆங்கிலேயருக்கு விற்றுச் சென்றவர்கள் அவர்கள். தம் நாட்டில் 1814-ஆம் ஆண்டிலேயே ஏழாண்டுக் கல்வியைக் குழந்தைகள் அனைவர்க்கும் கட்டாயமாக்கினர். இன்று அது பத்தாண்டுகளாக வளர்ந்துள்ளது.

ஆறு வயதில் பள்ளி புகும் குழந்தை, தொடக்க ஆண்டு ஒன்றும் அதன்பின் ஒன்பது வகுப்புகளும் பயில்கிறது. பொதுப் பள்ளிகளில் கட்டணம் இல்லை. ஏழாம் வகுப்பு வரை தர மதிப்பெண்ணும் வழங்கப்படுவதில்லை. பிள்ளையின் முன்னேற்றத்தைக் குறித்து ஆசிரியரும் பெற்றோரும் கலந்து பேசுகின்றனர். ஒன்பதாம் வகுப்பு முடிந்ததும், இன்னும் பக்குவம் வேண்டும் எனக் கருதுவோர் மேலும் ஓராண்டு பயிலலாம். அதனை இழிவாக எவரும் எண்ணுவதில்லை. விடுதியுடன் கூடிய பள்ளிகளில் இவ்வாண்டைக் கழித்து, இசையோ விளையாட்டோ கைத்தொழிலோ கற்போரும் பலர்.

அதன்பின் பாதை இரண்டாகப் பிரிகிறது. பல்கலைக்கழகத்தை நாடுவோர் பெரும்பாலும் மூன்றாண்டு மேல்நிலைக் கல்வி பெறுகின்றனர். தச்சர், மின்பணியாளர் போன்றோராக விரும்புவோர் சில காலம் பள்ளியிலும் சில காலம் பணிமனையிலுமாகத் தொழில் பயில்கின்றனர். பணிமனையில் பயிலும் காலத்திற்கு ஊதியமும் உண்டு. பல்கலைக்கழகத்தில் இளநிலைப் பட்டத்திற்கு மூன்றாண்டுகள் ஆகின்றன. கட்டணம் இல்லை, பதினெட்டு வயது நிரம்பிய மாணவர்க்கு அரசு மாதந்தோறும் உதவித்தொகையும் தருகிறது. மதிப்பெண் சராசரியால் இடம் பெறுவோர் ஒரு பிரிவினர். பணி அனுபவம் முதலியவற்றையும் சீர்தூக்கி இடம் அளிக்கப்படுவோர் மற்றொரு பிரிவினர்.

அங்கும் யாவும் இனிமையே எனக் கூற மாட்டோம். இச்செலவை மக்கள் மிகுந்த வரியாகச் செலுத்துகின்றனர். மருத்துவம் போன்ற படிப்புகளுக்குப் போட்டி கடுமையாகவே இருக்கிறது. படிப்பை இடையில் விடுவோரும் உண்டு. எனினும், தவறியவன் திரும்பி வரவும், தாமதித்தவன் தொடரவும் அங்கு வழி இருக்கின்றது. இதுவே நாம் கருத வேண்டிய செய்தியாகும்.

இவ்வெண்ணத்திற்கு அடிகோலியவர்களுள் ஒருவர் குருண்ட்விக் என்னும் லுத்தரன் போதகர். உழவர் மக்கள் தேர்வும் பட்டமுமின்றி, வாழ்வுக்காகக் கற்க வேண்டும் என்றார் அவர். அவர் கருத்தின்படி முதல் மக்கள் உயர்பள்ளி 1844-இல் ரோடிங் என்னும் ஊரில் தோன்றிற்று. சுதந்திர இந்தியாவில் டாக்டர் இராதாகிருஷ்ணன் தலைமையில் அமைந்த பல்கலைக்கழகக் கல்விக்குழு, 1949-இல் அளித்த அறிக்கையில், கிராமப் பல்கலைக்கழகங்களைப் பற்றிக் கூறுமிடத்து இந்த டேனியப் பள்ளிகளை எடுத்துக்காட்டியது. பின்னர் நாட்டில் கிராமிய உயர்கல்வி நிலையங்கள் எழுந்தன. அவற்றுள் ஒன்று நம் திண்டுக்கல் மாவட்டத்துக் காந்திகிராமத்தில் 1956-இல் தொடங்கி, 1976-இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமாயிற்று. ஆகவே அயல்நாட்டில் முளைத்த அவ்விதையின் சாயலை நம் மாவட்டத்திலேயே காண்கிறோம்.

நம் பிள்ளைகளுக்கும் வழிகள் இல்லாமல் இல்லை. பெற்றோரே அவற்றை அறியாதிருக்கின்றனர். தேர்வில் தவறியவர் துணைத் தேர்வெழுதி அவ்வாண்டே தொடரலாம். பத்தாம் வகுப்புக்குப்பின் தொழிற்பயிற்சி நிலையத்திலோ பாலிடெக்னிக்கிலோ சேரலாம். பாலிடெக்னிக் பட்டயம் பெற்றவர் பொறியியல் படிப்பின் இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரவும் இயலும். கலைக் கல்லூரியும் பாலிடெக்னிக்கும் பழனியிலேயே உள்ளன. கொடைக்கானலில் 1984-இல் தொடங்கிய அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம் இருக்கிறது. அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை பயின்று உயர்கல்வி பெறும் மாணவியர்க்கு மாதம் 1000 ரூபாய் வழங்கும் புதுமைப் பெண் திட்டத்தைத் தமிழக அரசு 2022-இல் தொடங்கியது. 2024-இல் மாணவர்க்கும் தமிழ்ப் புதல்வன் என்னும் திட்டம் வந்தது.

டென்மார்க்கின் செல்வம் நம்மிடம் இல்லை. ஆயினும் பிள்ளையிடம் பொறுமை காட்டுவதற்குச் செல்வம் தேவையில்லையே! தேர்வு முடிவு வரும் நாளில், "எத்தனை மதிப்பெண்?" என்று கேட்குமுன், "சாப்பிட்டாயா?" என்று கேட்போம். குறைந்த மதிப்பெண்ணோடு வரும் பிள்ளையை அண்டை வீட்டாரின் பிள்ளையோடு ஒப்பிடாமல், அருகில் அமர்த்தி, அடுத்த வழி எதுவென ஆராய்வோம். பங்கிலுள்ள ஆசிரியர்களும் கல்லூரி கண்ட இளைஞர்களும் அந்நாள்களில் ஒரு மாலைப் பொழுதை இத்தகைய குடும்பங்களுக்கு ஒதுக்கினால், படிப்பை இழக்கவிருந்த பிள்ளைகள் சிலர் மீண்டும் பள்ளி வாயிலை மிதிப்பர்.