மண் அள்ளும் டிராக்டர் எங்கே விரிசல் விடும்?

ஜூன் 12இல் மேட்டூர் அணையைத் திறந்தால், அந்தத் தண்ணீர் கீழணை, வடவாறு, வீராணம் என்று சுற்றி வருவதற்குள் காட்டுமன்னார்கோயில், சிதம்பரம் பக்கத்து வாய்க்கால்களைத் தூர் வாரியாக வேண்டும். பெரிய ஜேசிபி இறங்க முடியாத கரைகளில், முன்னால் லோடரும் பின்னால் தோண்டும் கையும் பொருத்திய சிறு டிராக்டர் நன்றாக உழைக்கும். புதியது கட்டுப்படியாகாதவர்கள் பழைய வண்டியைத் தேடுகிறார்கள். இன்ஜின் சத்தம் கேட்டு, டயரைப் பார்த்து, அட்வான்ஸ் கொடுத்துவிடுகிறவர்களை நினைத்தால் கவலையாக இருக்கிறது. இந்த வண்டி பெரிய செலவு வைக்கும் இடம் வேறு.

லாரிக்கு சேசிஸ் உண்டு. பெரும்பாலான டிராக்டர்களுக்குக் கிடையாது. இன்ஜின், கிளட்ச் ஹவுசிங், கியர்பாக்ஸ், பின் ஆக்சில் என்ற வார்ப்பிரும்புக் கூடுகளை போல்ட் போட்டு இணைத்ததே அவற்றின் உடல். 1917இல் வந்த ஃபோர்ட்சன் டிராக்டர் இந்த அமைப்பைப் பரவலாக்கியது. வார்ப்பிரும்பு அமுக்கத்தை நன்றாகத் தாங்கும். இழுத்தாலோ முறுக்கினாலோ வளைந்து கொடுக்காமல் பிளந்துவிடும். கலப்பை இழுப்பதற்கு அந்த உடல் போதும். தோண்டும் கை வேறு விதமான வேலை வாங்குகிறது.

ஒரு கணக்குப் போடலாம். தோண்டும் கையை இயக்கும், 7.5 செ.மீ. உள்விட்டமுள்ள சிலிண்டரின் பரப்பு சுமார் 44 சதுர செ.மீ. அதில் 150 பார் அழுத்தத்தில் ஆயில் ஏறினால் தள்ளுவிசை ஆறரை டன்னைத் தாண்டும். கொள்ளிடக்கரைக் களிமண்ணில் பக்கெட் மாட்டிக்கொண்டால் அந்த விசையின் எதிர்வினை வண்டிக்குள்தான் திரும்பி வரும். அதற்காகத்தான் நல்ல பொருத்துதலில், முன்பக்க லோடரிலிருந்து பின் ஆக்சில் வரை வண்டியின் இருபுறமும் கனமான இரும்புச் சட்டம் ஓடும். விசையை அதுவே சுமக்கும். சட்டம் இல்லாமல், கலப்பை மாட்டும் மூன்று கைகளில் மட்டும் தோண்டும் கையைத் தொங்கவிட்ட வண்டியை வாங்கவே வேண்டாம் என்பேன். முறுக்கு முழுவதும் வார்ப்பிரும்புக் கூட்டில் இறங்கும். அதைவிட மோசம், தரையை அழுத்தும்போது தோண்டும் கை மேலே மடங்கி ஓட்டுபவரை நசுக்கக்கூடும்.

ஆகவே முதலில் வண்டிக்கு அடியில் படுத்துப் பாருங்கள். கிளட்ச் ஹவுசிங் இணைப்பில் ஆயில் கசிவு, புது வெல்டிங், அந்த இடத்தில் மட்டும் புது பெயின்ட் ஆகிய மூன்றும் கெட்ட அறிகுறிகள். லோடர் சுமை முன் ஆக்சிலில் விழுவதால் அங்கேயும் பின், புஷ் ஆட்டம் பார்க்க வேண்டும். சேற்றுழவு செய்த வண்டியென்றால் முன் ஹப் சீல்களுக்குள் சேறு போயிருக்கலாம்.

கடலூர் மாவட்டத்து வண்டிக்கு இன்னொரு கேள்வியும் உண்டு: வெள்ளத்தில் நின்றதா? 2015 வெள்ளம், 2024 ஃபெஞ்சல் புயலின்போது தென்பெண்ணை கரை மீறியது என்று இங்கே தண்ணீர் ஏறிய வருடங்கள் பல. ஆக்சிலின் காற்றுத்துளை வழியாக உள்ளே போன நீர், ஆயிலைப் பால் போல வெளுக்க வைக்கும். பரங்கிப்பேட்டை, கடலூர் முதுநகர்ப் பக்கம் ஓடியிருந்தால், சிலிண்டர் தண்டின் பளபளப்பான குரோம் பூச்சை விரலால் தடவிப் பாருங்கள். உப்பு அரித்த சிறு குழி ஒன்று இருந்தாலும், தண்டு உள்ளே போய் வரும் ஒவ்வொரு முறையும் அது சீலைக் கிழிக்கும். சீல் மாற்றினாலும் மறுபடி கசியும். தண்டையே மாற்ற வேண்டும்.

தோண்டும் கையின் வேலையை ஆயில் குளிர்ந்திருக்கும்போது பார்த்து முடிவு செய்யக் கூடாது. குளிர்ந்த ஆயில் கெட்டியாக இருக்கும். தேய்ந்த பம்பும் அப்போது ஒழுங்காக வேலை செய்வதுபோல் தெரியும். ஒரு மணி நேரமாவது தோண்ட வையுங்கள். சூடேறி ஆயில் இளகியதும் கையின் வேகம் குறைகிறதா என்று கவனியுங்கள். பிறகு பக்கெட்டை உயர்த்தி, இன்ஜினை நிறுத்தி, யாரும் அடியில் நிற்காமல் பத்து நிமிடம் காத்திருங்கள். கொஞ்சம் இறங்குவது இயல்பு. தரை வரை இறங்கினால் பிஸ்டன் சீலோ வால்வோ தேய்ந்திருக்கிறது. அந்தச் செலவை விலையில் கழித்துக் கேளுங்கள்.