கம்பி சொல்லும் சேதி

அலாஸ்கா அமெரிக்க நாட்டின் ஒரு மாநிலம். அதன் வட பகுதியில் கடுங்குளிர். அங்கே மண்ணில் உள்ள நீர் கட்டியாகிவிடும். மண் பாறை போல இறுகிக் கிடக்கும். இதை உறைமண் என்கிறார்கள்.

கோடையில் மேல்மண் மட்டும் இளகும். அதில் புல்லும் பாசியும் வளரும். குளிர் வந்ததும் மறுபடி உறைந்துவிடும். அடிமண் கோடையிலும் இளகாது.

மண் எவ்வளவு ஆழம் இளகியது? இதை எப்படி அளப்பது?

வழி எளிது. ஆகஸ்டு மாதக் கடைசியில் நீளமான இரும்புக் கம்பியை மண்ணில் குத்துவார்கள். இளகிய மண்ணில் கம்பி இறங்கும். உறைந்த மண்ணில் முட்டியதும் நின்றுவிடும். இறங்கிய அளவைக் குறித்துக்கொள்வார்கள். 100 மீட்டருக்கு ஓர் இடம் என்று பல இடங்களில் அளப்பார்கள். மறு ஆண்டும் அதே இடங்களில் அளப்பார்கள். 1991 முதல் பல நாடுகள் சேர்ந்து இப்படி அளந்து வருகின்றன.

எதற்காக இந்த வேலை?

பூமி சூடாகி வருகிறது. உறைமண் இளகினால் நிலம் அமிழும். வீடுகள் சாயும். அலாஸ்காவில் நியூடாக் என்ற ஊரில் இப்படித்தான் ஆனது. ஆறும் கரையை அரித்தது. 2019-இல் மக்கள் வேறு இடத்துக்குக் குடிபோகத் தொடங்கினார்கள்.

ஆண்டுதோறும் அளந்தால்தான் மாற்றம் தெரியும். வீடு சாயும் முன்பே விழித்துக்கொள்ளலாம்.