சிலிகாவில் டால்பின் பார்க்கச் செல்வோருக்கு



விடுமுறையில் பிள்ளைகளோடு ஒடிசாவின் பூரிக்குச் செல்லும் குடும்பங்கள் பல, அங்கிருந்து ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவிலுள்ள சாதபடாவுக்கும் சென்று வருகின்றன. சிலிகா ஏரியின் கடல்முகத்துவாரத்துக்கு அருகிலுள்ள ஊர் அது. படகில் ஏறினால் டால்பின் பார்க்கலாம்.

எதைப் பார்க்கப் போகிறோம் என்பதை முன்னதாகவே பிள்ளைகளுக்குச் சொல்லிவிடுங்கள். தொலைக்காட்சியில் துள்ளிக் குதிக்கிறதே, அந்த டால்பின் அல்ல இது. ஐராவதி டால்பின் என்னும் வேறு இனம். இதற்கு நீண்ட மூக்கு கிடையாது. உருண்டைத் தலையும் முதுகில் சிறு துடுப்பும் உண்டு. மூச்சுவிட எழும்பி, சாம்பல்நிற முதுகைக் கணநேரம் காட்டிவிட்டு மறைந்துவிடும். இதை அறியாதவர்கள் ஏமாற்றமடைந்து, "இன்னும் கிட்டே போங்கள்" என்று படகோட்டியை நெருக்குகிறார்கள். தொல்லை அங்கேதான் தொடங்குகிறது.

கலங்கிய நீரில் இவ்விலங்கு கண்ணை நம்பி வாழ்வதில்லை. தான் எழுப்பும் ஒலியின் எதிரொலியைக் கேட்டே வழியறிகிறது, இரை தேடுகிறது. நான்கைந்து படகுகள் இயந்திரம் முழங்கச் சூழ்ந்துகொண்டால் அதன் பாடு என்ன? படகின் விசிறி பட்டுக் காயமடைவதும் உண்டு. அண்மைக்காலக் கணக்கெடுப்புகளின்படி சிலிகாவில் இருப்பவை ஏறத்தாழ 150 மட்டுமே. மெக்காங் ஆற்றில், லாவோஸ்-கம்போடியா எல்லைப் பகுதியில் எஞ்சியிருந்த இவ்வினத்தின் கடைசி டால்பின் 2022இல் இறந்துபோயிற்று.

படகோட்டிகளைக் குறைசொல்வது எளிது. ஆனால் துரத்தச் சொல்லிக் கேட்பவர் யார்? கூலி கொடுக்கும் நாம் அல்லவா! ஆகவே கரையிலேயே பேசி முடித்துவிடுங்கள். டால்பின் தென்பட்டாலும் தென்படாவிட்டாலும் முழுக் கூலியும் தருவோம், துரத்த வேண்டாம், தூரத்திலேயே இயந்திரத்தை நிறுத்திவிடுங்கள் என்று சொல்லுங்கள். ஒடியா தெரியாவிட்டால் என்ன, பிழைப்புக்குக் கற்றுக்கொண்ட இந்தி இதற்குப் போதும். பிள்ளைகளுக்கு லைஃப் ஜாக்கெட் இல்லாத படகில் ஏறவே வேண்டாம்.

நீர் அமைதியாயிருக்கும் காலை வேளையே நல்லது. இயந்திரம் நின்றபின், 'புஸ்' என்ற மூச்சொலிதான் பெரும்பாலும் முதலில் கேட்கும். நீங்கள் திரும்புவதற்குள் முதுகு மறைந்திருக்கும். அந்த இடத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டிராதீர்கள். அடுத்த மூச்சுக்கு அது சற்றுத் தள்ளி எழும்பும்.