கூரைக்கூடாரம் காத்திருக்கட்டும்

பள்ளி விடுமுறைக்கு எங்கே போகப் போகிறீர்கள் என்று காலை நிகழ்ச்சியில் கேட்டால், முன்பெல்லாம் கேமரன் மலை, பினாங்கு, லங்காவி என்றுதான் அழைப்புகள் வரும். கோவிட் காலத்துக்குப் பிறகு பதில் மாறிவிட்டது. "கூடாரம் போடப் போறோம்", "பிள்ளைங்கள மீன் பிடிக்கக் கூட்டிட்டுப் போறோம்" என்கிறார்கள். கூடவே ஒரு கேள்வியும் வருகிறது: "புதுசா எஸ்யூவி எடுத்திருக்கோம், முதல்ல என்ன மாட்டலாம்?"

வானொலியில் இதற்கு முப்பது வினாடி கிடைத்தால் அதிகம். அதில் சொல்லி முடிக்க முடியாததை இங்கே எழுதுகிறேன்.

கிள்ளானில் வாகனத் துணைப்பொருள் கடைகளுக்குப் பஞ்சமில்லை. உள்ளே நுழைந்ததும் முதலில் கண்ணில் படுவது கூரைக்கூடாரம். அடுத்து நீளமான எல்.இ.டி. விளக்குப் பட்டை, பக்கவாட்டில் விரியும் பந்தல், முன்பக்க இரும்புத் தடுப்பு. (ஃபார்ச்சூனர் என் பெயரில் இருக்கிறது, ஓட்டுவதும் நான்தான். ஆனாலும் கடைக்காரர்கள் விளக்கமெல்லாம் என் கணவரிடம்தான் சொல்வார்கள். அவர் தலையாட்டிக்கொண்டே தூண்டில் முள்களைப் பார்த்துக்கொண்டிருப்பார்.) இவை எல்லாமே படத்தில் அழகாக விழும் பொருள்கள். பலருடைய பணம் இந்த வரிசையில்தான் செலவாகிறது. வண்டியை வீடு கொண்டுவந்து சேர்க்கும் பொருள்களோ கடையின் பின்சுவரில், தூசு படிந்த அலமாரியில் கிடக்கும். என் வரிசை அங்கிருந்துதான் தொடங்கும்.

அதற்கும் முன்னால் ஒரு விஷயம். உங்கள் வண்டி எந்தச் சக்கரத்தில் ஓடுகிறது என்று பாருங்கள். நம் தாமான்களில் அதிகம் காணும் பெரோடுவா அத்திவா, புரோட்டோன் எக்ஸ்50, ஹோண்டா எச்ஆர்-வி எல்லாம் முன்சக்கர இயக்கம் கொண்டவை. உயரமான கார்கள் என்று சொல்லலாம். மோரிப் கடற்கரைக்கும், செம்பனைத் தோட்டத்துச் செம்மண் சாலைக்கும் காய்ந்த நாளில் தாராளமாகப் போகும். ஆற்றைக் கடக்கவோ சேற்று மேட்டில் ஏறவோ அவை செய்யப்பட்டவை அல்ல. எத்தனை ஆயிரம் வெள்ளிக்குப் பொருள் மாட்டினாலும் அது மாறாது. ஹைலக்ஸ், டி-மேக்ஸ், ரேஞ்சர், ஃபார்ச்சூனர் போன்றவற்றின் நான்கு சக்கர இயக்க ரகங்கள் வேறு. தனிச் சட்டத்தின் மேல் கட்டப்பட்டவை, வேகத்தைக் குறைத்து இழுவையைக் கூட்டும் தாழ்கியரும் உண்டு.

டயரும் காற்றும்

முதல் செலவு டயருக்கு. கடையிலிருந்து வரும்போது இருக்கும் நெடுஞ்சாலை டயரின் பள்ளங்களில் நம் ஊர்க் களிமண் ஐந்து நிமிடத்தில் அடைத்துக்கொள்ளும். பிறகு அது வழுக்கைத் தலைதான். ஏ.டி. எனப்படும் எல்லாத் தரைக்கும் ஆன டயர் குடும்ப வண்டிக்குப் போதும். சேற்றுக்கென்றே வரும் எம்.டி. டயர் காட்டில் அபாரமாகப் பிடிக்கும். ஆனால் வாரத்தில் ஐந்து நாள் கூட்டரசு நெடுஞ்சாலையில் வேலைக்குப் போகிறவர்களுக்கு அதன் இரைச்சலும், ஈரத் தார்ச்சாலையில் அது பிரேக் பிடிக்கும் விதமும் ஒத்து வராது.

இரண்டாவது செலவு சில நூறு வெள்ளிதான்: ஒரு நல்ல காற்று பம்ப், ஒரு காற்றழுத்தமானி. மணலிலும் சேற்றிலும் வண்டி புதைவதற்குப் பெரும்பாலும் காரணம் டயர் கல்லுப்போல் இருப்பதுதான். 32 பி.எஸ்.ஐ. அழுத்தத்தை 20 அளவுக்குக் குறைத்தால் டயர் தரையில் படும் பகுதி நீண்டு, வண்டி மேலே மிதந்து போவதுபோல் போகும். அந்த அழுத்தத்தில் மெதுவாகத்தான் ஓட்ட வேண்டும், திருப்பத்தில் வேகமெடுத்தால் டயர் விளிம்பிலிருந்து கழன்றுவிடும். தார்ச்சாலைக்குத் திரும்பும் முன் காற்றை மறுபடி நிரப்பியாக வேண்டும். பம்ப் அதற்குத்தான். காற்றைக் குறைத்துவிட்டு அடுத்த பெட்ரோல் நிலையத்தில் நிரப்பிக்கொள்ளலாம் என்று நினைத்தால், அந்த நிலையம் நாற்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கும்.

கயிறு

இந்தப் பகுதியைத் தயவுசெய்து இரண்டு முறை படியுங்கள்.

சேற்றில் சிக்கிய வண்டியை இன்னொரு வண்டியால் இழுக்க இரண்டு வகைக் கயிறுகள் உண்டு. பாலியெஸ்டர் பட்டை நீளாது. ஓடாத வண்டியைச் சாலையில் மெல்ல இழுத்துப் போக அது சரி. நைலானில் செய்த மீட்புக் கயிறு ரப்பர்போல் நீளும். முன்னால் போகும் வண்டியின் வேகத்தை உள்வாங்கி, சிக்கிய வண்டியைப் பிடுங்கி எடுக்கும். அந்தக் கயிற்றில் சேரும் விசை சாதாரணமானதல்ல.

அதை எதில் மாட்டுகிறோம் என்பதில்தான் உயிர் இருக்கிறது. படகு இழுக்கப் பின்னால் பொருத்தியிருக்கும் இழுவைக் குண்டில் ஒருபோதும் மாட்டாதீர்கள். சீராக இழுக்கும் பாரத்துக்குச் செய்தது அது. சடாரென்று வரும் இழுப்பில் கழுத்து முறிந்தால், பீரங்கிக் குண்டுபோல் அடுத்த வண்டியின் கண்ணாடியைத் துளைத்துக்கொண்டு போகும். பல நாடுகளில் இப்படி ஓட்டுநர்கள் இறந்திருக்கிறார்கள். தொழிற்சாலையில் கப்பலில் கட்டுவதற்காக வைக்கும் மெல்லிய வளையங்களும் வேண்டாம். வண்டிச் சட்டத்தில் போல்ட்டு போட்டுப் பூட்டிய, எடை குறிப்பிட்ட மீட்புக் கொக்கிகளை முன்னும் பின்னும் பொருத்திக்கொள்ளுங்கள். இரும்பு ஷேக்கலுக்குப் பதில் கயிற்றால் பின்னிய மென் ஷேக்கல் இப்போது எளிதாகக் கிடைக்கிறது. அறுந்தால்கூட இரும்புத் துண்டாகப் பறக்காது. இழுக்கும்போது கயிற்றின் நடுவில் கனமான சாக்கோ ஈரத் துண்டோ போடுங்கள். ஓட்டுநர்களைத் தவிர மற்றவர்கள், முக்கியமாகப் படம் பிடிக்கும் பிள்ளைகள், கயிற்றின் நீளத்தைப்போல் ஒன்றரை மடங்காவது தள்ளி நிற்கட்டும்.

நான் வண்டியைக் காட்டும் பட்டறைக்கார அண்ணனிடம் வின்ச் மாட்டலாமா என்று கேட்டேன். "தங்கச்சி, தனியா போறியா, ரெண்டு வண்டியா போறியா?" என்றார். எப்போதும் இரண்டு மூன்று குடும்பம் சேர்ந்துதான் என்றேன். "அப்ப கயிறும் மண்வெட்டியும் ரெண்டு பலகையும் வாங்கு. வின்ச் காசுல டீசல் போட்டு ஊர் சுத்து." தனியாகப் போகிறவர்களுக்கு வின்ச் வேண்டும்தான். வண்டியின் மொத்த எடையைப்போல் ஒன்றரை மடங்கு இழுக்கும் திறன் என்பது பொதுக் கணக்கு. ஃபார்ச்சூனர் போன்ற வண்டிக்கு 9,500 பவுண்டு வின்ச் பொருந்தும். ஆனால் அதன் பாரம் முழுவதும் மூக்கில் ஏறுவதால் முன் ஸ்பிரிங்கையும் மாற்ற வேண்டிவரும்.

தலையில் ஏறும் பாரம்

இப்போது கூரைக்கூடாரத்துக்கு வருவோம். எனக்கும் ஆசைதான், மறுக்கவில்லை. ஈரத் தரை இல்லை, அட்டை இல்லை, ஏணியில் ஏறினால் மெத்தை. ஆனால் வண்டியின் கையேட்டை எடுத்து, ஓடும்போது கூரை தாங்கும் எடை எவ்வளவு என்று பாருங்கள். பல எஸ்யூவிகளில் அது 75 கிலோ அளவில்தான் இருக்கும். கூடாரம் 60 கிலோ, அதைத் தாங்கும் இரும்புச் சட்டம் 20 கிலோ என்றால் தலையணை வைக்கும் முன்பே கணக்கு தாண்டிவிட்டது. நிற்கும் வண்டியின் கூரை இதைவிடப் பல மடங்கு தாங்கும் என்பதால் உள்ளே படுத்துத் தூங்குவது பிரச்சினையல்ல, ஓட்டிப் போவதுதான் பிரச்சினை. இவ்வளவு எடை உச்சியில் இருக்கும்போது, ஒரு பக்கம் சாய்ந்த மலைப்பாதையில் வண்டி கவிழ அதிகம் தேவையில்லை.

தரைக்கூடாரமும் நல்ல நிலவிரிப்பும் பத்தில் ஒரு பங்கு விலையில் கிடைக்கும். கனமான தண்ணீர்த் தோம்பு, எரிவாயு அடுப்பு, பனிப்பெட்டி எல்லாம் தாழ்வாக, பின்னிருக்கையை ஒட்டி, பட்டை போட்டுக் கட்டி வையுங்கள். சமையல் சாமானைப் பற்றி நம்மவர்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒரு ராத்திரிக்கு மூன்று வேளைச் சாப்பாட்டுடன் கிளம்பும் இனம் நாம்.

விளக்குப் பட்டை பற்றி ஒரே வரி: காட்டுக்குள் எரியுங்கள், பொதுச் சாலையில் எரித்தால் எதிரே வருபவர் குருடாவார், ஜே.பி.ஜே. சம்மன் கொடுக்கும். வண்டியை உயர்த்துவது போன்ற கட்டமைப்பு மாற்றங்களுக்கும் ஜே.பி.ஜே. அனுமதி தேவை. அனுமதியில்லாமல் மாற்றிவிட்டு விபத்து நேர்ந்தால் காப்புறுதி நிறுவனமும் கேள்வி கேட்கும்.

மின்சாரக் கணக்கு எளிது. நாற்பது லிட்டர் குளிர்பெட்டி சராசரியாக 20 வாட் எடுத்தால், இரவு பன்னிரண்டு மணி நேரத்துக்கு 240 வாட் மணி. வண்டியின் 65 ஆம்பியர் மணி பேட்டரியில் பாதியைத்தான் பயப்படாமல் எடுக்கலாம், அதாவது சுமார் 390. முதல் இரவு தப்பிக்கும், வண்டியை ஓட்டாமல் இரண்டாம் இரவும் இருந்தால் காலையில் ஸ்டார்ட் ஆகாது. தனியாக ஒரு லித்தியம் மின்பெட்டி வைத்துக்கொள்ளுங்கள், அல்லது ஐஸ் வாங்கிப் போடுங்கள். குளிருக்காக எஞ்சினை ஓடவிட்டு மூடிய வண்டிக்குள் தூங்குவதும், கூடாரத்துக்குள் கரி அடுப்பு வைப்பதும் வேண்டவே வேண்டாம். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை.

தண்ணீர்

2021 டிசம்பர் 18-ஆம் தேதியைக் கிள்ளான், ஷா ஆலம் மக்கள் மறக்க மாட்டார்கள். தாமான் ஸ்ரீ மூடாவில் வீட்டின் கீழ்த்தளம் மூழ்கி, மக்கள் மாடியிலும் கூரையிலும் காத்துக்கிடந்தார்கள். அந்த நாள்களில் படகுகளோடும் லாரிகளோடும் நான்கு சக்கர இயக்க வண்டிக்காரர்களும் தாங்களாகவே கிளம்பி வந்து உதவினார்கள். வார இறுதி விளையாட்டுக்கு என்று வாங்கிய கயிறும் ஸ்நோர்க்கலும் உயர்ந்த டயரும் அன்று வயதானவர்களையும் கைக்குழந்தைகளையும் மேட்டில் சேர்க்கப் பயன்பட்டன. 2014 டிசம்பரில் கிளந்தான் வெள்ளத்தின்போதும் நிவாரணப் பொருள்களோடு இப்படி வண்டிகள் வரிசையாகக் கிழக்குக்கரைக்குப் போனது நினைவிருக்கலாம்.

அதைப் பார்த்துவிட்டு ஸ்நோர்க்கல் மாட்டியவர்கள் உண்டு. மாட்டலாம், ஆனால் அது என்ன செய்யும் என்று தெரிந்துகொண்டு மாட்டுங்கள். எஞ்சின் மூச்சு விடும் வாயைக் கூரை உயரத்துக்குக் கொண்டுபோகும், அவ்வளவுதான். அந்த வாய் தாழ்வாக இருந்து தண்ணீரைக் குடித்துவிட்டால், சிலிண்டருக்குள் போன தண்ணீரைப் பிஸ்டனால் அமுக்க முடியாமல் தண்டு வளைந்து எஞ்சின் போய்விடும். ஸ்நோர்க்கல் தடுப்பது இதைத்தான். கதவு வழியாகப் புகும் தண்ணீரையோ, மின்கம்பிகளில் ஏறும் ஈரத்தையோ, வண்டி மிதப்பதையோ அது தடுக்காது. ஃபோர்டு ரேஞ்சர் தாண்டக்கூடிய ஆழம் 800 மில்லிமீட்டர் என்று நிறுவனம் சொல்கிறது. அது தேங்கிய தண்ணீருக்கு, மெதுவாகப் போனால். ஓடும் தண்ணீர் வேறு. இரண்டடி ஆழத்தில் வேகமாக ஓடும் நீர் பிக்கப் உட்படப் பெரும்பாலான வண்டிகளை அடித்துக்கொண்டு போகும். கடக்கும் முன் ஒருவர் இறங்கி நடந்து பார்க்க வேண்டும். நடக்க முடியாத தண்ணீரில் வண்டியும் போகக் கூடாது.

முகாம் போடும்போதும் இதே தண்ணீரைத்தான் யோசிக்க வேண்டும். நாம் இருக்கும் இடத்தில் வெயில் அடிக்கும், மலை மேல் கொட்டிய மழை ஒரே சுவராக ஆற்றில் இறங்கும். மலாய்க்காரர்கள் கெப்பாலா ஆயர் என்பார்கள். தெளிந்த நீர் திடீரென்று கலங்கி, சருகும் குச்சியும் மிதந்து வந்தால் சாமானைப் பொறுக்காதீர்கள், பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஓடுங்கள். ஆற்றோர மணல் திட்டு எவ்வளவு அழகாக இருந்தாலும் வண்டியை அதில் நிறுத்த வேண்டாம். நிறுத்தும்போதே முகப்பு வெளியேறும் பாதையைப் பார்த்திருக்கட்டும்.

மேடு என்றால் எந்த மேடும் சரி என்பதல்ல. 2022 டிசம்பர் 16 அதிகாலை, பத்தாங் காலியில் ஒரு முகாம் தளத்தின் மேல் மலைச்சரிவு இறங்கி 31 பேர் இறந்தார்கள். பள்ளி விடுமுறைக்கு வந்த குடும்பங்கள், பிள்ளைகளோடு. அந்த இடத்துக்கு வேளாண் பண்ணை உரிமம் இருந்தது, முகாம் நடத்தும் உரிமம் இல்லை என்று அப்போது அரசு சொன்னது. அதனால் முன்பதிவுக்கு அழைக்கும்போது, கழிப்பறை இருக்கிறதா என்று கேட்பதோடு உரிமம் இருக்கிறதா என்றும் கேளுங்கள். பின்னால் வெட்டிய சரிவு இருக்கிறதா, மேலே சாலை போகிறதா என்றும் கேளுங்கள். வனக்காப்பகத்துக்குள் போவதானால் மாநில வன இலாகாவின் அனுமதி வேண்டும்.

மீன் விஷயம் என் கணவரின் இலாகா. தொலைதூரம் போய்த்தான் பிடிக்க வேண்டும் என்பதில்லை என்பது அவர் கட்சி. கேரித் தீவுப் பக்கத்துக் கழிமுகத்தில் ஏற்றநீர் பார்த்துப் போனால் உயிர் இறாலுக்குக் கொடுவா கிடைக்கும். சிகாப் என்று உணவகத்தில் கேட்கிறோமே, அதே மீன்தான். சேற்றுக்கரையில் பிள்ளைகளுக்கு மிதவைச் சட்டை கட்டாயம். கென்யிர், தெமெங்கோர் ஏரிகளில் தோமானுக்கும் செபாராவுக்கும் தூண்டில் வேறு, படகு வேறு, செலவும் வேறு. கோலகுபு பாரு பக்கம் சுங்கை சிலிங்கில் கெலா மீன் கூட்டம் கூட்டமாகக் காலைச் சுற்றும். அது பாதுகாக்கப்பட்ட மீன் சரணாலயம், அங்கே தூண்டிலை வண்டியிலேயே விட்டுவிடுங்கள்.

அந்தத் தூண்டில்களை வைக்கக் கடையில் அலுமினியப் பெட்டி நூற்றுக்கணக்கான வெள்ளி. அவர் இரும்புக்கடையில் நாலு அங்குல பி.வி.சி. குழாய் வாங்கி, இரண்டு முனைக்கும் மூடி போட்டு, கூரைக் கம்பியில் கட்டிவிட்டார். இரண்டு கிலோகூட இல்லை. இப்போதைக்கு எங்கள் ஃபார்ச்சூனரின் கூரையில் இருப்பது அது ஒன்றுதான்.