நடுவானில் ஓர் ஆட்டம்

சென்னை கொடுங்கையூர் முத்தமிழ் நகரில் தெருக் கச்சேரி என்றால் ஒலிபெருக்கிக்குக் காவல்துறை அனுமதி வேண்டும். இரவு பத்து மணிக்கு மேல் அதற்கும் தடை. ஆனால் விமானத்துக்குள்ளே கச்சேரி வைத்தால்?

2014 மார்ச் 17, ஹோலி நாள். ஸ்பைஸ்ஜெட் விமானங்கள் சிலவற்றில் பணிப்பெண்கள் இந்திப் பாட்டுக்கு ஆடினார்கள். பயணிகள் செல்போனில் படம் பிடித்தார்கள். போதாக்குறைக்கு, ஒரு விமானி காக்பிட்டை விட்டு வந்து தானும் படம் பிடித்தார். ஊரெல்லாம் பேச்சு; விளம்பரமும் இலவசம். ஆனால் விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டிஜிசிஏ ரசிக்கவில்லை. விளக்கம் கேட்டு நோட்டீஸ் போனது, விமானிகள் இருவர் இடைநீக்கம் செய்யப்பட்டார்கள்.

அதிகாரிகளுக்குக் கலை பிடிக்காது என்று இதைத் தள்ளிவிட முடியாது. பறக்கும்போது திடீரென்று விமானம் குலுங்கினால், நடைபாதையில் நிற்பவர்கள்தான் முதலில் அடிபடுவார்கள். பணிப்பெண்கள் அங்கே இருப்பதே முதலில் பயணிகளின் பாதுகாப்புக்காக. காபி, சாண்ட்விச் எல்லாம் அப்புறம்.

நம்ம ஊர்க் கதையும் உண்டு. 2020 பிப்ரவரியில் சூரரைப் போற்று படத்தின் பாடல் ஒன்று சென்னையில் விமானத்துக்குள்ளேயே வெளியிடப்பட்டது. முதல்முறை பறந்த நூறு குழந்தைகளுக்கு அது திருவிழா. அடுத்த ஆண்டு, மே 23, கொரோனா உச்சம். மதுரையிலிருந்து கிளம்பிய வாடகை விமானத்தில் ஒரு ஜோடி தாலி கட்டிக்கொண்டது. முகக்கவசமும் இல்லை, இடைவெளியும் இல்லை. டிஜிசிஏ விசாரணைக்கு உத்தரவிட்டது; விமான ஊழியர்கள் பணியிலிருந்து விலக்கி வைக்கப்பட்டார்கள்.